ஒரு வார்த்தை கேட்கிறவர்

"உங்களை ஒரு வார்த்தை கேக்கணும் சார்" என்று அவர் ஆரம்பித்துவிட்டால் அன்றைய காலைப்பொழுது என் கையை விட்டுப் போயிற்று என்று அர்த்தம். வேங்கிக்கால் ஏரிக்கரையானாலும், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையானாலும், முகமெல்லாம் சோப்பு நுரையுடன் வாய் திறக்க வழியின்றி சலூன் நாற்காலியில் நான் அகப்பட்டுக்கொண்டிருக்கும் சமயமானாலும், கேள்வி ஒன்றுதான்: அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் உத்தியோகம் வந்திருக்கிறது, போகலாமா, கூடாதா?

டப்ளினாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாராம். லிமெரிக் சின்ன ஊராம். அயர்லாந்துக் குடியரசின் மூன்றாவது பெரிய நகரம் அது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். நம் திருவண்ணாமலையிலே 2011-லேயே ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் பேர் இருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தத் திருவண்ணாமலையின் ஜன நெரிசல் தாங்காது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வண்டியை வெளியே எடுக்க முடியாது என்று சொல்லித்தானே இந்த மனிதர் வேங்கிக்காலில் மனை வாங்கி, வீடு கட்டி, மாடி அறையில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார்?

முதல் நாள், விவரம் அறியாதவனாகையால், "தாராளமாப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து கிளம்பும் மேகங்கள் யாவும் லிமெரிக்கின் தலைமீதே வந்து அவிழ்வதையும், வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாயிருப்பதையும், மார்கழி மாதத்தில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடுவதையும் அவர் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். பிராங்க் மெக்கோர்ட் என்பவர் தம்முடைய லிமெரிக் பால்யத்தைப் பற்றி 1996-இல் எழுதிய 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' என்ற புத்தகத்தை வேறு அவர் படித்திருந்தார். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பெய்த அந்த மழையை நாளை மறுநாள் பெய்யப்போகும் மழையாகப் பாவித்து, எனக்கே குடை தேடத் தோன்றும்படி வர்ணித்தார்.

ஆகவே மறுநாள், அவர் மனம் குளிரட்டும் என்று, "போகாதீங்க, இங்கே என்ன குறைச்சல்?" என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று. சம்பளம் யூரோவில் வருவதையும், தமக்குக் கிடைக்கிற வகை வேலை அனுமதியில் மனைவி மக்களைக் கையோடு அழைத்துப் போகலாம் என்பதையும், இரண்டு வருஷம் கழிந்தால் தனியாக வேலை அனுமதிச் சீட்டே வேண்டியதில்லை என்பதையும், அங்கேயும் நம்மைப்போல் இடது பக்கமாகவே வண்டி ஓட்டுகிறார்கள் என்பதையும், டப்ளினுக்கும் லிமெரிக்குக்கும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அதாவது நமக்கும் சென்னைக்கும் உள்ள தூரமே என்பதையும் ஏதோ நான் அந்தத் தேசத்தை அவமதித்துவிட்டவன்போல் என்மேல் அடுக்கினார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தேன். "மனசிலே ஏதோ வெச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கறீங்க சார்" என்றார். நான்காம் நாள் பூப் போட்டுப் பார்க்கும்படி சொன்னேன். அது ஆயிற்றாம், மூன்று கோயில்களில் பார்த்து, இரண்டு வெள்ளையும் ஒரு சிவப்பும் வந்ததால், நான்காவது கோயில் எதுவாயிருக்கலாம் என்பதற்கும் என் அபிப்பிராயம் தேவைப்பட்டது.

இதே திருவண்ணாமலைக்கு 1896-ஆம் வருஷம் ஒரு பையன் வந்து சேர்ந்தான். வயது பதினாறு. அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு, ஒருவரிடமும் கேட்காமல் மதுரையில் ரயில் ஏறினான். பழைய பூகோளப் படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் உண்டு என்ற செய்தியை வண்டியில் இருந்த ஒரு மௌல்வி தாமாகவே சொன்னார். ரமண மகரிஷியின் பிரயாண ஏற்பாடு அவ்வளவுதான். அவர் 'நான் யார்' என்று விசாரிக்கச் சொன்ன ஊரில் இருந்துகொண்டு நம்மவர் 'நான் போகலாமா' என்று விசாரிக்கிறார். அதையும் தம்மிடம் விசாரிக்காமல் என்னிடம் விசாரிக்கிறார்.

வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர எனக்கு உள்ளூரக் கோபம் உண்டு. என் மகன் விஷயமாக, மனம் மிகவும் கலங்கியிருந்த ஒரு நாள், நானும் அவரை ஒரு வார்த்தை கேட்டேன். "எல்லாம் நல்லபடியா நடக்கும் சார்" என்றார். அந்த வாக்கியம் முடிந்து மூச்சு விடுவதற்குள் லிமெரிக் வந்துவிட்டது.

அவருடைய மனைவியோ யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு வாங்கியாயிற்று. கல்சட்டியைக் கொண்டுபோவதா, மாமியார் வசம் விடுவதா என்பது மட்டுமே அந்த அம்மாளுக்குப் பாக்கி. "அவரு எல்லாரையும் கேட்டு முடிக்கட்டும் சார்" என்று என்னிடம் சாந்தமாகச் சொன்னார்.

ஒருநாள் மட்டும் அவர் வேறு விதமாகப் பேசினார். ஏரிக்கரையில் நின்றிருந்தோம். மலையின் உச்சியில் மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. "காலையிலே மாடியிலே நின்னு மலையைப் பாத்துக்கிட்டுத்தான் சார் பல்லு தேய்ப்பேன். அங்கே எதைப் பாத்துத் தேய்க்கறது?" என்றார். இத்தனை நாளில் அவர் கேட்டவற்றுள் எனக்கு விடை தெரியாத கேள்வி அது ஒன்றே. அன்றைக்குப் பார்த்து அவர் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை.

பதில் அனுப்ப வேண்டிய கெடு போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று நான் நிம்மதியாக உறங்கினேன். சனிக்கிழமை காலையில் ஆனந்தம் பொங்கும் முகத்துடன் வந்து, கம்பெனிக்காரர்கள் மேலும் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருப்பதாகத் தெரிவித்தார். அதுமுதல் நான் ஏரிக்கரையை விட்டுக் கிரிவலப் பாதையில் நடக்கிறேன். 14 கிலோமீட்டரும் எல்லோரும் ஒரே திசையில் நடக்கிற பாதையாதலால் எதிரே வந்து பிடித்துக்கொள்வாரே என்ற பயமில்லை. பின்னாலிருந்து வந்து பிடித்தால்தான் உண்டு. அவர் கொஞ்சம் வேகமாக நடக்கிறவர்.