டூத் பிரஷ்ஷில் பல் எத்தனை?

ஒரே ஒரு பல்லைத் தேய்ப்பதற்கென்று எவரும் பிரஷ் வாங்குவதில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் அது டூத் பிரஷ்தான். டீத் பிரஷ் என்பாரில்லை. ஒற்றை ஷூ விற்கும் கடை உலகில் எங்கும் கிடையாது, அதற்கும் பெயர் ஷூ ஷாப். கால்சட்டையின் கதி இன்னும் பரிதாபம். டிரவுசர்ஸ் என்று எப்போதும் பன்மையிலேயே புழங்கும் அந்த ஆடை, டிரவுசர் பாக்கெட் என்றானதும் எஸ்ஸைப் பறிகொடுத்துவிடுகிறது. பில்லியர்ட்ஸ் ஆட்டமும் பில்லியர்ட் மேசையில்தான் நடக்கிறது. ஆக, இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக வரும் பெயர், கோயிலுக்குப் போகிறவர் செருப்பை விடுவதுபோல, பன்மை விகுதியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது நமது துணிபு. பத்தடிக் கழியை டென்-ஃபுட் போல் என்கிறார்களே, ஃபீட் எங்கே போயிற்று, இதுவும் உமக்குச் சாட்சிதானே என்று ஒருவர் உதவிக்கு வரலாம். வேண்டாம், அது கள்ளச்சாட்சி. பழைய ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின்வந்த ஃபுட், ஆறாம் வேற்றுமைப் பன்மையாக அகர ஈறு பெற்றிருந்தது. ஈறு தேய்ந்து உதிர்ந்ததால் இன்று ஒருமை வேடத்தில் நிற்கிறது.

மெய்யான ஆட்சேபம் அரசாங்கத்திடமிருந்து வருகிறது. கஸ்டம்ஸ் அதிகாரி, கூட்ஸ் ரயில், சேல்ஸ் டாக்ஸ் ஆகியவை எஸ்ஸை விட மறுக்கின்றன. ராஜாஜி அமைச்சரவை 1939-இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த விற்பனை வரிச் சட்டத்தின் பெயரிலும் அது சேல்ஸ்தான். கஜானாவுக்குள் போனது எதுவும் திரும்புவதில்லை, எஸ் மட்டும் எப்படித் திரும்பும் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் கருவூலத்தோடு சம்பந்தமில்லாத ஸ்போர்ட்ஸ் கார் குறுக்கே நிற்கிறதே! காரணம் வேறு. எஸ்ஸை எடுத்தால் கஸ்டம் வெறும் வழக்கமாகிவிடும். கூட் ரயில் நல்ல ரயிலாகிவிடும். பொருளே எஸ்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல் அதை விடாது. டிரவுசருக்கு அந்த ஆபத்து இல்லை. சேல்ஸுக்கும் இல்லை என்பது உண்மை. அதற்கு மட்டும் கஜானா விளக்கத்தையே வைத்துக்கொள்வோம்.

இலக்கணப் பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் இந்த விதி இருக்கிறது. பீட்டர் கார்டன் என்ற ஆய்வாளர் 1985-இல் வெளியிட்ட சோதனையில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எலிகளைத் தின்னும் பூதத்துக்குப் பெயர் கேட்டார். ராட்-ஈட்டர் என்றார்கள், எஸ் சேர்க்கவில்லை. சுண்டெலிகளைத் தின்பதையோ தயங்காமல் மைஸ்-ஈட்டர் என்றார்கள். மைஸ் போன்ற முரட்டுப் பன்மைகள் மனத்தில் முழுச்சொல்லாகவே கிடப்பதால் உள்ளே நுழைகின்றன, எஸ் ஒட்டிச் செய்தவை நுழைவதில்லை என்று இதை விளக்குவார்கள். அப்படியானால் டீத் பிரஷ்ஷுக்கும் தடையில்லையே? தடையில்லை, கட்டாயமும் இல்லை. பல் மருத்துவர்கள் விரும்பினால் நாளையே பெயரை மாற்றிக்கொள்ளலாம், பூதத்துக்கு ஆட்சேபம் இராது.