சேப்பாக்கத்தைத் தரம் பிரித்தல்: ஆம்பூர் முறை

விளையாட்டு மைதானங்களைச் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடுவது அமெரிக்காவில் வளர்ந்துவிட்ட ஒரு சாத்திரம். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அத்தனை அணிகளின் மைதானங்களையும் ஆயுளுக்குள் பார்த்து முடிப்பதை விரதமாகக் கொண்டவர்கள் அங்கே உண்டு. பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912இலும் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914இலும் திறக்கப்பட்டன. 1916இல் உருவான சென்னையின் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் இவற்றுக்கு ஏறக்குறைய சமவயது. அதை மதிப்பிடும் அளவுகோலைத் தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை; வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் அது தயாராகவே இருக்கிறது. கிரிக்கெட் பந்தின் மேலுறை தோல் என்பதால் இவ்வட்டாரத்துக்குத் தீர்ப்புரிமையும் உண்டு. பந்து மீரட்டில் தைக்கப்படுவது இவ்வுரிமையைப் பாதிக்காது.

டேனரியில் தரம் பிரிப்பவரான அசார்ட்டர் தோலை மேசைமேல் விரித்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். உள்ளங்கையால் முதுகைத் தடவுவார். வயிற்றோரத்தை இழுத்துப் பார்ப்பார். ஒரு மூலையை மடித்து அழுத்திச் சுருக்கம் விழுகிறதா என்று கவனிப்பார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், சூட்டுத் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பிறகு ஒன்றும் பேசாமல் தரத்தைக் குறித்துவிட்டு அடுத்த தோலை இழுப்பார். குறையில்லாத தோல் கிடையாது. குறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் விலை. இக்கொள்கை மைதானத்துக்கு அப்படியே பொருந்தும்.

மைதானத்தின் முதுகு, பந்துவீச்சாளருக்கு நேர் பின்னே அமையும் இருக்கைகள். சேப்பாக்கத்தில் அண்ணா பெவிலியன் முனையும் பட்டாபிராமன் கேட் முனையும் அவ்விடங்கள். மற்றவை வயிறு. சுழல்பந்து எவ்வளவு திரும்பியது என்பதை வயிற்றில் உட்கார்ந்தவர் ஊகிக்கலாம். முதுகில் உட்கார்ந்தவரே சாட்சி சொல்ல முடியும். இங்கே இது சிறிய விஷயமல்ல. 1988இல் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தது இந்த மண்ணில்தான்.

பழைய சேப்பாக்கத்தின் பெருங்குறை, பார்வையை மறைத்த தூண்கள். 2011 சீரமைப்பில் அவை போய், கூடாரத்துணி போன்ற மெல்லிய கூரைகளும் காற்று நுழையும் இடைவெளிகளும் வந்தன. ஃபென்வேயில் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பார்வை மறையும் இருக்கை என்று சொல்லியே அங்கே டிக்கெட் விற்கிறார்கள். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. அடுத்த குறை, ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள். பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை என்ற வழக்கில் 2012 முதல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அசார்ட்டர் மொழியில் இது மாடு உயிரோடிருந்தபோது வந்த குறையல்ல. உரிக்கும்போது விழுந்த வெட்டு. இவ்வகைக் குறைக்குத் தோல் வியாபாரத்தில் மன்னிப்பு கிடையாது.

பார்வையாளர் தரத்தில் மட்டும் சேப்பாக்கம் மறுபேச்சில்லாமல் முதல் தரம். 1999இல் இங்கே பாகிஸ்தான் இந்தியாவை 12 ரன்னில் வென்றபோது, தோற்ற அணியின் ஊர்க்கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மடித்துப் பார்த்தும் சுருக்கம் விழாத தோல் அது.

போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆம்பூரிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம் சேப்பாக்கம். வருவது சுலபம். திரும்புவதுதான் ஆய்வுக்குரியது: ஐபிஎல் ஆட்டம் இரவு 7.30க்குத் தொடங்குகிறது, பெங்களூர் மெயிலோ 11 மணிக்கு முன்பே சென்ட்ரலை விட்டுவிடுகிறது. ஆகவே இவ்வட்டார ரசிகர்களில் ஒரு பகுதியினருக்குக் கடைசி ஓவர்கள் என்பது செல்போனில் பார்ப்பது.

உணவுப் பிரிவில் ஆய்வாளரின் நடுநிலை நிற்காது. சீரக சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் சாப்பிட்டு வளர்ந்தவரிடம் ஸ்டாண்டுக்குள் விற்கும் பொட்டலத்தைக் கொடுத்து மதிப்பெண் கேட்பது முறையல்ல. வெளிச்சாப்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிடுவதால் ஒப்பாய்வுக்கும் வழியில்லை.

எல்லாம் சேர்த்துக் கூட்டினால் சேப்பாக்கம் இரண்டாம் தரம், தாராளமாக ஏற்றுமதிக்குத் தகும். கூட்டத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் முதல் தரம். பிரியாணி ரிஜெக்ட்.