நிதானமே, உமக்கு ஸ்தோத்திரம்!

கர்த்தருக்குள் பிரியமான இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் மன்றத்தாருக்கு,

உங்கள் நிதானத்தைப் பாராட்டவே இந்தக் கடிதம்.

ஜான் ஸ்மைத் என்ற வக்கீல், கிறிஸ்தவ முகாம்களில் பழகிய பையன்களைத் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் ரத்தம் வடியப் பிரம்பால் விளாசினார். 1982லேயே உங்கள் குருவானவர் ஒருவர் விசாரித்து அறிக்கை எழுதினார். முகாம் நடத்திய பெரியவர்கள் படித்தார்கள். போலீசுக்கு அனுப்பவில்லை, அனுப்பினால் தாள் கசங்கிவிடும் அல்லவா? 1984ல் ஸ்மைத் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 1992ல் அவருடைய முகாமின் நீச்சல்குளத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் பிணமாகக் கிடந்தான்.

2013ல் விஷயம் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி வரை வந்தது. 2018ல் ஸ்மைத் தண்டனை எதுவும் பெறாமலே இறந்தார். 2019ல் நீங்கள் ஏற்பாடு செய்து, மேக்கின் என்பவர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2024 நவம்பரில் வெளியானது. ஐந்தே நாளில் வெல்பி ராஜினாமாவை அறிவித்தார். உங்கள் சரித்திரத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை! பிறகு பிரபுக்கள் சபையில், 1381ல் தலை வெட்டப்பட்ட பேராயர் சைமன் சட்பரியின் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அடிபட்டவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

ஆனாலும் உங்கள் தலைசிறந்த ஊழியம் இது அல்ல. 2021ல், உங்களை மேற்பார்வையிட என்று தனி வாரியம் அமைத்தீர்கள். அவர்கள் நிஜமாகவே மேற்பார்வையிடத் தொடங்கினார்கள். அதனால் 2023 ஜூனில் வாரியத்தையே கலைத்தீர்கள். சபையில் வேறு எவரிடமும் நம்பிக்கை இல்லாமல் அவர்களிடம் வந்தவர்களின் விசாரணைகள் பாதியில் நின்றன. கலைப்பதில் மட்டும் நிதானம் எங்கே போயிற்று?

2024ல், இதை ஆராய்ந்த பேராசிரியர் அலெக்சிஸ் ஜெய் பளிச்சென்று சொன்னார்: பாதுகாப்புப் பணியை முழுசாக வெளி அமைப்பிடம் கொடுங்கள், அதைக் கண்காணிக்க இன்னொன்று வையுங்கள். 2025 பிப்ரவரியில் சபையின் பொது மன்றமான சினாடு கூடியது. தலைமையகப் பாதுகாப்பு ஊழியர்கள் வெளி அமைப்புக்குப் போகலாம், திருமண்டலங்களிலும் பேராலயங்களிலும் இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மீதியைப் பற்றி மேலும் ஆராயலாம் என்று முடிந்தது. ஆக, ஒரு குருவானவர்மேல் வரும் புகார் இன்னும் அந்தத் திருமண்டலமே சம்பளம் கொடுக்கும் ஆளின் மேசைக்குத்தான் போகிறது.

ஆராய்ந்தது போதும், ஐயாமாரே, அம்மாமாரே. திருமண்டல, பேராலய ஊழியர்களையும் வெளியே விடுங்கள். அதுவரை அடுத்த மன்னிப்பு அறிக்கையை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

ஜெபத்தோடு,
கடைசி பெஞ்ச் சபையார் ஒருவர்