புல்லட்டுக்குக் காய்ச்சலாம்!

வா பேராண்டி, உக்காரு. திண்ணை இல்லாத வீட்டுல பால்கனிதான் திண்ணை. காலையிலேர்ந்து மூணு தடவை கீழ இறங்கிப் போயி புல்லட்டுக்கு நாடி பிடிச்சுட்டு வர்றியாமே, உங்க அப்பத்தா சொன்னா. ஆயில் ஊத்துற வாயில முள்ளு வெச்ச மீட்டர் ஒண்ணை மாட்டியிருக்கே. முள்ளு 90-ஐத் தொட்டா உனக்கு வேர்க்குது. வண்டி பாட்டுக்குச் சும்மா இருக்கு.

மனுஷனுக்கு 39 டிகிரின்னா படுத்துக்கணும். ஆயிலுக்கு 90-ங்கிறது அப்பத்தான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வயல்ல இறங்குற நேரம்டா. 80-லேர்ந்து 110 வரைக்கும் அது ஒழுங்கா வேலை பாக்கும். 130-ஐத் தாண்டியே நிக்குதுன்னு வை, தண்ணியா இளகிப்போகும், கருகும். அப்ப வந்து அழு, நானும் சேந்து அழறேன்.

டப்பாவுல 20டபிள்யூ-50ன்னு போட்டிருக்கே, பாத்தியா? 50-ங்கிறது நூறு டிகிரியில அதோட கெட்டித்தனம். டபிள்யூன்னா குளிர்காலமாம். நம்ம மயிலாப்பூர்ல குளிர்காலம் எங்க இருக்கு? மார்கழிக் கச்சேரிக்கு மஃப்ளர் சுத்திக்கிட்டு வர்றவங்க கழுத்துலதான் இருக்கு. தேங்காயெண்ணெய் அந்த மாசம் கல்லாட்டம் உறையும், சித்திரையில தண்ணியா ஓடும். அப்படி ரொம்ப ஆடாம இருக்கத்தான் ரெண்டு நம்பர் போட்டு ஆயில் விக்கிறான்.

அதுவும் இந்த வண்டி யாருன்னு நினைச்சே? பூர்வீகம் ரெட்டிச், இங்கிலாந்துல குளிர் ஊரு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க அந்த ஊர் என்ஃபீல்டு கம்பெனியோட கூட்டுச் சேந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல பட்டறை போட்டாங்க. பொறந்த நாட்டுல 1970 வாக்குல கடையைச் சாத்திட்டான். இங்க கத்திரி வெயில்ல வளந்த புள்ளை இன்னும் டப் டப்புன்னு நிக்குது. 2003 மே மாசம் நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சுச்சே, அன்னைக்கும் மவுண்ட் ரோட்டுல இந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் வண்டிங்க போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. மீட்டர் இல்லாததால அதுங்களுக்குச் சூடு தெரியலை போல.

உன் வண்டிக்கு என்ன வியாதி தெரியுமா? அரைச்சூடு. மந்தைவெளியிலேர்ந்து லஸ் கார்னர் போறே, காபி குடிக்கிறே, வர்றே. ரெண்டு கிலோமீட்டர் இருக்குமா? பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும்டா. அதுல கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில்ல இறங்கிடும். ஆயில் நல்லாச் சூடேறி அரை மணி நேரம் ஓடுனா அந்த ஈரம் ப்ரீதர் வழியா வெளிய போயிரும். உன் ஓட்டத்துக்கு அது போகவே போகாது. போன மாசம் மெக்கானிக் மூடியத் திறந்தப்ப உள்ளே வெள்ளையா ஒட்டிக்கிட்டிருந்துச்சே, வெண்ணெய்னா நினைச்சே? நீ குடிக்கிறது டிகிரி காபி, வண்டிக்குக் குடுக்கிறது நீர்மோர்.

அரைச்சூடு இல்லைன்னா நிக்கிற சூடு. தீபாவளிக்கு முந்தின வாரம் உஸ்மான் ரோட்டுல எறும்பு கூட ஓரமா நின்னுதான் போகும். அங்க போயி எஞ்சினை அணைக்காம உறுமவிட்டு நிக்கிறே. இதுக்கு ஃபேனும் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. நீ ஓடுற ஓட்டம்தான் அதுக்கு விசிறி. அணைச்சா என்னவாம்? எனக்குத் தெரியாதா. ஆம்பியர் முள்ளைப் பாத்து, டீகம்ப்ரஸரை அமுக்கி, திரும்ப உதைக்கணும். முதல் உதையில கிளம்பலைன்னா பக்கத்து ஸ்கூட்டி பொண்ணு சிரிக்கும். உன் மானத்துக்கு ஆயில் வேகுது.

சிலிண்டரைச் சுத்தித் தட்டுத்தட்டா ரெக்கை இருக்கே, சூடு வெளிய போற வாசல் அதுதான். டேங்கைக் கண்ணாடியாத் தேய்க்கிறே, அந்த ரெக்கை நடுவுல புழுதியும் ஆயிலும் அப்பளமாக் காஞ்சு கிடக்கு. போதாததுக்கு ஜி.பி. ரோட்டுல வாங்குன ரெண்டு பெரிய விளக்கை முன்னாடி கட்டி வர்ற காத்தையும் மறிச்சாச்சு. மூக்கை அடைச்சுட்டு மூச்சு முட்டுதேன்னு டாக்டர்கிட்ட ஓடுறவன் நீ.

போன ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர்லேர்ந்து வந்ததும் வராததுமா ஒரு பக்கெட் தண்ணியத் தூக்கி எஞ்சின் மேல ஊத்துனியே, அதைப் பாத்து எனக்கே நெஞ்சு அடைச்சுப்போச்சு. அக்னி நட்சத்திரத்துல சிவனுக்குத் தாராபாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டா விடுவாங்க, சரி. அவரு கருங்கல்லு, கருவறையில இருக்காரு. இது கொதிக்கிற இரும்பு. சுடுற வாணலியில பச்சைத் தண்ணி ஊத்தினா உங்க அப்பத்தா சும்மா விடுவாளா? இரும்பு கோணும், விரிசல் விடும். ஊர்ல நம்ம கிணத்து டீசல் எஞ்சினுக்குத் தண்ணிதான் குளிர்ச்சி. ஆனா அதுக்குள்ள தண்ணி ஓடுறதுக்குன்னே வழி விட்டுச் செஞ்சிருந்தான்.

இப்ப ஆயில் கூலர் வேற வாங்கப் போறியாம். அரைச்சூட்டைக் கால்சூடு ஆக்கவா? முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாரு. காபிப்பொடி நிறத்துல இருந்தா நல்லது. சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலை, அதான் எரியுது. பாயிண்ட் இடைவெளியப் பாரு. டைமிங் பின்னால போனா நெருப்பு சிலிண்டருக்குள்ள முடியாம சைலன்சர் குழாய்க்குள்ள போகும், குழாய் மயில் கழுத்தாட்டம் நீலம் பாயும். அதை நீ அழகுன்னு போட்டோ எடுத்து அனுப்பினே. இதையெல்லாம் விட்டுட்டுக் கூலர் மாட்டுறதுக்கு, பாடிகாட் முனீஸ்வரர் கோயில்ல இன்னொரு எலுமிச்சம்பழம் நசுக்கலாம். செலவாவது கம்மி.

சரி, மருந்து சொல்றேன். நாளைக்கு விடியக்காலை அஞ்சரைக்குக் கிளப்பு. நின்ன இடத்துலயே முறுக்காதே, ரெண்டு நிமிஷம் மெதுவா உருட்டு. திரு.வி.க. பாலம் ஏறி, திருவான்மியூர் தாண்டி, நிக்காம முட்டுக்காடு வரைக்கும் போகணும். மீட்டரைப் பாக்குறதுக்குப் பின்னால ஒரு ஆள் வேணும்ல, நான் ஏறிக்கிறேன். அங்க ஒரு கடையில மெதுவடை நல்லா இருக்கும். எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு உங்க அப்பத்தாகிட்ட இருக்கு. எங்க போனீங்கன்னு கேட்டா, ஆயிலுக்குச் சூடு பத்தலை, ஏத்திட்டு வந்தோம்னு சொல்லு. எந்த ஆயில்னு அவ கேக்க மாட்டா.