அடுத்தவர் மரம்

தன் மரத்தை வெட்ட யாருக்கும் கை வராது. அடுத்தவர் மரம் என்றால் கத்தரிக்கோல் தானாகத் திறந்துகொள்ளும். பான்சாய்க்காரர்கள் அவரவர் மொட்டை மாடியில் நிம்மதியாக இருக்காமல் எதற்குக் குழு சேர்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், இதற்காகத்தான் என்பேன். மற்றபடி வெளியில் சொல்லிக்கொள்ளும் பொறுமை, தியானம், மன அமைதி எதையும் எங்கள் கூட்டத்தில் நான் பார்த்ததில்லை.

கூட்டம் அல்வாலில், ஞாயிற்றுக்கிழமை காலை. செகந்திராபாத்துக்கு வடக்கே, ராணுவக் குடியிருப்புகளையும் லோத்துகுண்டாவையும் தாண்டி, கரீம்நகர் சாலையை ஒட்டிய ஊர் இது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள், ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வீடே கட்டிவிட்ட பகுதி. எங்கள் குழுவின் சுபேதாரும் அப்படித்தான், வேலூர்ப் பக்கம். அப்புறம் ஒரு தெலுங்கு டீச்சரம்மா, மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் பாய், சாஃப்ட்வேர் தம்பி ஒருவர், இன்னும் சிலர். தமிழில் தொடங்கிய வாக்கியம் தெலுங்கில் நடந்து உருதுவில் போய் முடியும். சண்டை மட்டும் மூன்றிலும் ஒரே நேரத்தில் நடக்கும்.

முறை இதுதான். யாராவது ஒருவர் தன் மரத்தைக் கொண்டுவந்து சுழல் பலகையில் வைப்பார். அந்த நிமிடத்திலிருந்து அவர் வாய் திறக்கக் கூடாது. சுபேதார் போட்ட சட்டம் அது. மற்றவர்கள் பலகையைச் சுற்றிச் சுற்றி, வேர் நன்றாகப் பரவித் தெரியும் பக்கம் எது என்று பார்த்து, மரத்துக்கு முகப்பு முடிவு செய்வோம். ஒரே இடத்தில் கிளம்பும் இரண்டு கிளைகளில் ஒன்று போக வேண்டும். பார்க்கிறவர் கண்ணைக் குத்துவதற்கென்றே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை போக வேண்டும். இதுவரை எல்லோருக்கும் சம்மதம். எந்தக் கிளை என்பதில்தான் காலை பத்து மணி பதினொன்றாகும். கடைசியில் யாரோ ஒருவர் வெட்டிவிடுவார். அத்தி இனத்து மரமாக இருந்தால் வெட்டுவாயில் பால் வடியும். உடையவரின் கண்ணும் லேசாகக் கலங்கும். டீச்சரம்மா மரத்துக்கு மஞ்சள் குழைத்துப் பூசுவார், உடையவருக்கு டீ ஊற்றிக் கொடுப்பார்.

வினோதம் என்னவென்றால், வெட்டிய பிறகு மரம் நன்றாகத்தான் இருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு அந்தக் கிளை முதல் தளிர் விட்ட நாள் தெரியும்; மற்றவர்களுக்குக் கிளை மட்டும்தான் தெரியும்.

எங்கள் மரங்களில் பாதியை நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. நெக்லஸ் ரோட்டில் நர்சரி மேளா நடக்கும்போது, கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய செடிகளுக்கு நடுவே, வேர் கிழங்காய்ப் பருத்த சீன ஆல் ஒன்றில் ‘பான்சாய்’ என்று சீட்டு ஒட்டி விற்பார்கள். அதை வாங்கி வருகிறவர்கள்தான் எங்கள் புது உறுப்பினர்கள். கொஞ்ச நாளில் அதை மூலையில் ஒதுக்கிவிட்டுச் சுவர் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அரசும் ஆலும் பறவை எச்சத்தில் பயணம் செய்கிறவை. பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி இடுக்கு, மழைநீர்க் குழாய் என்று எங்கே விழுந்தாலும் முளைக்கும். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. வருடக்கணக்கில் இருந்தும் முழ உயரம் தாண்டாது. நாங்கள் காலமெல்லாம் பாடுபட்டுச் செய்ய வேண்டியதைக் கட்டிடமே செய்து வைத்திருக்கும். வீட்டுக்காரருக்கோ சுவர் விரிகிற கவலை. ஆனால் அரசைப் பிடுங்குவது பாவம் என்கிறார்களே! அந்தப் பாவத்தை ஏற்றுக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருப்பார். உளியும் சுத்தியலுமாக நாங்கள் போய் நிற்போம். ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவர் மரத்துக்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து வழியனுப்பினார். “தினமும் தண்ணி ஊத்துவீங்கல்ல?” என்று எங்களிடம் உறுதிமொழி வேறு வாங்கிக்கொண்டார். அது சுவரில் இருந்த காலமெல்லாம் ஒரு சொம்பு ஊற்றியவர் இல்லை.

கம்பி பாயின் இலாகா. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியைச் சிவக்கச் சிவக்க நெருப்பில் காய்ச்சி ஆறவிடுவார். மேல்பூச்சு எரிந்துபோய்க் கம்பி இளகிவிடும். கிளையில் சுற்றி வளைக்க வளைக்க மறுபடி இறுகும். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பி, 45 டிகிரி சாய்வு. எப்போது கழற்றுவது என்பதில்தான் குடும்பங்கள் பிரியும். ஜூலை மழையில் ஆல் வகைகள் கிடுகிடுவென்று பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் சுபேதார் எல்லார் மரத்தையும் வரிசையில் நிறுத்தி அணிவகுப்பைப் பார்வையிடுவார்.

மண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் தம்பி அகடாமா என்ற ஜப்பான் களிமண் உருண்டைகளை வரவழைத்தார். விலையைக் கேட்ட டீச்சரம்மா அதைப் பூஜை அறையில் வைக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும், வேருக்குக் காற்றுப் போக வேண்டும். அதற்கு உடைத்துச் சலித்த செங்கல்லே போதும் என்பது குழுவின் கொள்கை. சல்லடை யார் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சில வீடுகளில் சப்பாத்தி சற்றே சிவந்து வந்ததாகக் கேள்வி.

வெளி எதிரிகள் இரண்டு பேர்; குரங்குகளைச் சேர்க்கவில்லை. முதலாவது வாஸ்து. குட்டை மரம் வைத்த வீட்டில் வருமானமும் வளராது, பிள்ளைகளும் வளர மாட்டார்கள் என்பார்கள். டீச்சரம்மாவின் மகன் வாசல்நிலையில் குனிந்து நுழைகிற உயரம். வாஸ்துக்காரர்களிடம் பேசப் போகும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போவோம். இரண்டாவது எதிரி அபார்ட்மென்ட் அசோசியேஷன். அதற்குச் சாட்சியெல்லாம் பத்தாது. மாடியில் தொட்டி வைத்தால் கீழே ஒழுகும், அவ்வளவுதான். ஜப்பானில் இதற்கு நேர்மாறு: 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டுக் கிளம்பிய பான்சாய்த் தொழில்காரர்கள் 1925-ல் ஓமியாவில் ஒரு கிராமமே அமைத்தார்கள். குடிவருகிறவரிடம் குறைந்தது 10 மரம் இருக்க வேண்டும், மாடி கட்டக் கூடாது, உயிர்வேலிதான் போட வேண்டும், வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பவை அன்று அங்கே விதிகள். சாஃப்ட்வேர் தம்பி இதை அச்செடுத்து அசோசியேஷன் பலகையில் ஒட்டினார். மறுநாள் அதன் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘மெயின்டனன்ஸ் பாக்கி இல்லாதவர்கள் மட்டும்.’

ஜப்பான் கதை இன்னொன்றும் உண்டு. வாஷிங்டனில் உள்ள பான்சாய் அருங்காட்சியகத்தில், 1625 முதல் வளர்க்கப்பட்டு வரும் வெள்ளைப் பைன் ஒன்று இருக்கிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது யமாகி குடும்பத்தாரின் தோட்டச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பித்த மரம். 1976-ல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தபோது அவர்கள் குண்டு விழுந்த கதையைச் சொல்லவே இல்லை. 2001-ல் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் அருங்காட்சியகத்துக்கே விஷயம் தெரிந்தது. நாங்களாக இருந்தால் தொட்டியிலேயே பெயின்ட் அடித்து எழுதியிருப்போம்.

அது அணுகுண்டைத் தாங்கியது. எங்கள் மரங்கள் ஒரு கல்யாணத்தைத் தாங்குவதில்லை. மே மாதம், வெயில் 40-ஐத் தாண்டி அடிக்கும். அப்போதுதான் ஊரில் அத்தனை முகூர்த்தமும். கையளவு தொட்டி ஒரு பகல் தண்ணீர் இல்லாமல் நின்றால் போதும். அதனால் ஊருக்குப் போகிறவர் மரங்களை இன்னொருவர் வீட்டில் விட்டுப் போவது வழக்கம். திரும்பி வரும்போது மரம் உயிரோடு இருக்கும். ஒரு கிளை இருக்காது.

“காஞ்சு போயிருந்தது தம்பி” என்பார் சுபேதார். காய்ந்த கிளையை எடுத்த இடத்தில் பால் வடிந்த தடம் எப்படி வந்தது என்று நான் கேட்பதில்லை. அவர் ஊருக்குப் போகும்போது அவருடைய இச்சி மரம் என்னிடம்தான் வரும்.

குழுவிலேயே யாரும் கை வைக்காத மரம் ஒன்றுதான், பாயின் புளி. உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்துப் பழைய புளியமரத்தின் கொட்டையிலிருந்து வளர்த்தது என்பார். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஹைதராபாத்துக்குள் புகுந்தபோது சுமார் 150 பேர் ஏறிப் பிழைத்தார்களே, அந்த மரம். இலை சிறியது, கிளை இடக்குமுடக்காக இருபுறமும் அடர்ந்துவிட்டது. எங்கள் இலக்கணப்படி பாதி போக வேண்டும். பாய் மரத்தைப் பலகையில் வைத்துவிட்டு, வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறி ஒரே ஒரு கேள்வி கேட்பார். “நூத்தம்பது பேர்ல எவன் உக்காந்த கிளைய வெட்டப்போறீங்க, சொல்லுங்க.” சுபேதாரே கத்தரிக்கோலை மூடிவிடுவார்.

போன வருடம் மகபூப்நகருக்குப் போய் பில்லலமர்ரியைப் பார்த்துவந்தோம். மூன்று ஏக்கருக்குப் பரவிய ஆலமரம்; வயது 700 என்கிறார்கள். 2018-ல் கரையான் அரித்தபோது கிளைகளில் ஸலைன் பாட்டில்களைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் பூச்சிமருந்து ஏற்றிய மரம். பான்சாய் பான்சாயாகத் தெரியக் கூடாது, மரமாகத் தெரிய வேண்டும், அதனால் மரத்தை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது டீச்சரம்மாவின் வாதம். அல்வால் நகரத்தின் வடகோடி, மகபூப்நகர் தெற்கே 100 கிலோமீட்டர். ஊரையே குறுக்காகக் கடந்து போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வேலிக்கு வெளியே நின்றோம். அடிமரம் எது, விழுது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முகப்பு எது என்று முடிவு செய்ய மரத்தைச் சுற்றி வர ஆரம்பித்தோம். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்துவைத்துக்கொண்டு எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, சுபேதார் கண்ணை இடுக்கி, கையை நீட்டினார்.

“அந்த ரெண்டாவது கிளை. அது போனா நல்லாருக்கும்.”

“அது இல்ல சார், அதுக்குக் கீழே இருக்கிறது” என்றேன். டீச்சரம்மா இரண்டுமே கூடாது, உச்சியைக் குறைக்க வேண்டும் என்றார். குரல்கள் உயர்ந்தன. காவலாளி ஓடி வந்தார். நாங்கள் கை காட்டிக்கொண்டிருந்த தோரணையைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும்.

“ஃபாரஸ்ட் டிபார்ட்மென்டா சார்?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“இல்லப்பா” என்றார் சுபேதார். “அல்வால்.”