கன்னுச் செலவு அங்க, கறவை இங்க

டேய் பேராண்டி, பேராதனையிலருந்து லீவுக்கு வந்தவன், அப்பாயி ஊத்துன சாயத்தண்ணிய ஆறவிட்டுட்டு, முதல் எப்படிச் சேருதுன்னு எனக்குப் பாடம் எடுக்குற. எடு, எடு. இந்த அக்கரப்பத்தனை மழையில எனக்கு வேற என்ன சோலி?

நசாவ் சீனியர்னு ஒரு வெள்ளைக்கார வாத்தியாரு. முதலாளி இன்னைக்குத் திங்காம வாயைக் கட்டுறான், அந்தத் தவத்துக்குக் கூலிதான் லாபம்னு 1836ல எழுதினாராமே. நல்ல மனுசன்! உங்க அப்பாயி நாப்பது வருசமா ரொட்டியும் கட்டச் சம்பலுமா வாயைக் கட்டினவ. அவரு கணக்குப்படி இந்த மலையில பாதி அவ பேருலல்ல இருக்கணும்?

அடுத்தது உங்க தாடிக்காரரு. மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தை வெளியிட்ட அதே 1867லதான் லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கருக்குத் தேயிலை போட்டாரு. சொல்லி வெச்ச மாதிரி! நம்ம கூலிக்கான கொழுந்து மத்தியானத்துக்குள்ள கூடையில விழுந்துரும், அந்திவரைக்கும் பறிக்கிறது தொரைக்குன்னு அவரு சொல்றது, தராசடியில நின்னவளுக்குப் புரியும். ஆனா அவரு சொல்ற தொழிலாளி, தன் இஷ்டத்துக்குச் சந்தைக்கு வந்து உழைப்பை விக்கிறவன். நம்மாளு அப்படியா வந்தான்?

மன்னார்ல எறங்கி நடக்கும்போதே, ஆள் சேத்துக் கூட்டியாந்த பெரிய கங்காணிகிட்ட கடன். வேற தோட்டத்துக்குப் போகணுமா? இவ்வளவு பாக்கி, கட்டினா ஆளை விடுறோம்னு தொரை ஒரு சீட்டுக் குடுப்பாரு. அதான் துண்டு. புதுத் தோட்டம் கட்டுற காசு மறுபடி நம்மாளு தலையிலதான் ஏறும். காலையில பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, வந்த தலையை எண்ணி, கங்காணிக்குத் தலைக்காசு வேற. நாம எங்கடா உழைப்பை வித்தோம்? நம்ம கடனையில்ல அவனுங்க வித்தானுங்க! மாட்டுத் தரகன்கூட மாட்டுகிட்டயே தரகு கேட்டதில்ல. 1921லதான் சட்டம் போட்டுத் துண்டை நிறுத்துனாங்க.

ரோசா லக்சம்பர்க்குன்னு ஒரு அம்மா 1913ல எழுதினதச் சொன்னியே, அவ கெட்டிக்காரி. முதலாளித்துவம் தனக்கு வெளியில கெடக்குறதத் தின்னுதான் வளருமாம். சரிதான். பெத்து, பால் குடுத்து, காய்ச்சலுக்குக் கசாயம் வெச்சு ஆளாக்கினது திருச்சி, சேலத்துப் பக்கத்துக் கிராமம். வளந்த கைய வாங்கிக்கிட்டது தோட்டம். கன்னுச் செலவு அங்க, கறவை இங்க.

நம்ம நாட்டு எஸ்.பி.டி. டி சில்வா 1982ல இன்னும் ஒரு படி போறாரு. தோட்டத்தை ஆண்டது வியாபாரி முதலு, ஆள் மலிவாக் கெடைக்கையில வேலை செய்யுற முறைய மாத்த அதுக்கு என்ன அவசரம்ங்கிறாரு. நீயே போய்ப் பாரு. ஸ்டோருக்குள்ள மெசினு கடகடங்குது, மலையில இன்னமும் பெரும்பாலும் வெரல்தான்.

பரீட்சையில எதை எழுதுறதுன்னா கேக்குற? கேள்வி போட்ட வாத்தியாரு எந்தக் கட்சின்னு முதல்ல மோப்பம் புடி. சீனியரு ஆளுன்னா அப்பாயி பேச்சையே எடுக்காத. அப்பறம், அந்த டி சில்வா புத்தகம் நல்லாத் தடியா இருக்குமாமே? அடுத்த லீவுக்கு மறக்காமக் கொண்டா. லயத்துக் கதவு காத்துக்கு நிக்க மாட்டேங்குது.