இடது காலுக்கு ஒரு வேலை

ஹெரால்ட் காருக்குக் கிளட்ச் மாற்ற வண்டிக்கு அடியில் படுத்து மல்லாட வேண்டியதில்லை. முன் சீட்டுகளைத் தூக்கி வெளியே வைத்து, தரை விரிப்பைச் சுருட்டி, நடுவில் எழும்பி நிற்கும் மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் கண்ணுக்கு எதிரே இருக்கும். போல்ட்டுகளை அவிழ்த்து, இரண்டு பேர் மூச்சைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால் கதவு வழியாகவே வெளியே வந்துவிடும். 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வழிதான், ஏனென்றால் ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் அதைக் கட்டினார்கள். இரண்டையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்த ஹெரால்டை 1961 முதல் மெட்ராஸிலும் செய்தார்கள் என்பதால், ஸ்பிட்ஃபயரை ஒருநாளும் பார்த்திராத எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு அதன் உள்வழி முழுக்கத் தெரிந்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மாமாவின் ஹெரால்டில் கிளட்ச் தேய்ந்ததை முதலில் சொன்னது ஜெமினி மேம்பாலம்தான். 1973இல் திறந்த அந்தப் பாலத்தின் ஏற்றத்தில் 948 சிசி எஞ்சின் கூவும், ஆனால் வண்டி நகராது, கருகிய வாடை மட்டும் உள்ளே வரும். மாமா கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றுமே பேசாமல் புதுப்பேட்டைக்குத் திருப்புவார். அங்கே மெக்கானிக் பாயின் கொட்டகையில், கழற்றிய சீட்டுகளைத் தெருவோரம் போட்டு அதிலேயே நாங்கள் உட்கார்ந்திருக்க, டீ வரும், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று அபிப்பிராயம் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அம்பாஸடரோ பியட்டோ இருந்திருந்தால், இப்படி ஒரு சாயங்காலம் உங்களுக்கும் நினைவிருக்கும்.

அன்று யாரும் புது பிளேட் வாங்கியதில்லை. தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, புது லைனிங் வைத்து அடித்துக் கொடுக்க ஆள் இருந்தார். பிளேட்டை ஃப்ளைவீலின் நடுவில் பிசகாமல் நிறுத்த, பழைய கியர்பாக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்த ஷாஃப்டை பாய் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். "சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க சார், நியூட்ரல்ல போடுங்க, பேரிங் பாவம்" என்று மாமாவிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பி, "தம்பி, கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு காலு சொல்லும், அத கேட்டுக்க" என்றார். பின்னாளில் ஹாஃப் கிளட்ச்சில் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தப் பழகியபோது, எனக்கு அதைவிட நல்ல பாடம் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் பாய் ஃப்ளைவீல் உறையை வாயால் ஊதித்தான் சுத்தம் செய்வார். பறந்த சாம்பல் நிறத் தூளில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. வேடிக்கை பார்த்த நாங்கள் எல்லோருமே அதைச் சுவாசித்தோம். அந்தக் கொட்டகையை எவ்வளவு நேசித்தாலும் அந்தத் தூளை என்னால் நேசிக்க முடியாது. இப்போது நான் வாழும் பிரிட்டன் 1999இல் அஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடைசெய்தது. இந்த மாற்றத்துக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

இப்போது இங்கிலாந்தில் என் கராஜில் நிற்கும் ஸ்பிட்ஃபயர் 1500க்கு, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. ரிவெட் அடிப்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை, முகமூடி போட்டு ஈரத்துணியால் துடைக்கிறேன், பிளேட்டை நடுப்படுத்தப் பிளாஸ்டிக் குச்சி ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். வேலை சுத்தமாக, அமைதியாக முடிகிறது; நின்று அபிப்பிராயம் சொல்லத்தான் ஆளில்லை, கராஜ் கதவைத் திறந்தே வைத்திருந்தும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே போகும் கார்களிலோ கிளட்ச் மிதியே குறைந்துகொண்டு வருகிறது. எம்ஜி என்ற பழம்பெரும் ஸ்போர்ட்ஸ் கார் பெயரில் இன்று வரும் சைபர்ஸ்டர் மின்சாரத்தில் ஓடுகிறது, மாற்றுவதற்கு அதில் கிளட்சே கிடையாது. வேகத்தில் அது என் ஸ்பிட்ஃபயரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். இருந்தாலும், ஒரு எஞ்சினும் ஒரு பாதமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் அந்த அரை அங்குல தூரத்தை அது யாருக்கும் தரப்போவதில்லை.

என் மகள் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டுநர் தேர்வில் தேறி உரிமம் வாங்கியவள். இந்த நாட்டுச் சட்டப்படி அதை வைத்துக்கொண்டு கிளட்ச் உள்ள காரைத் தனியாக ஓட்டக் கூடாது. எல் பலகை மாட்டி, பக்கத்தில் நான் உட்கார வேண்டும். இந்த முறை ஸ்பிட்ஃபயருக்குக் கிளட்ச் மாற்றியபோது கியர்பாக்ஸின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது அவள்தான். "அப்பா, இவ்வளவுதானா உள்ளே இருக்கு?" என்று கேட்டவள், மறுநாளே மேனுவல் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டாள். புது பிளேட் படிய எப்படியும் சில நூறு மைல் ஓட வேண்டும்; அத்தனை மைலையும் அவளையே ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.